கரிச்சானுக்கு ஒரு கைத்தடி

நட்டு ஒரு மாதம்கூட ஆகாத பயிரில் இலைச்சுருட்டுப் புழு விழுந்துவிட்டது. மிராசுதார் தாண்டவராயர் வரப்பில் நின்று மீசையை நீவினார்.

"ஏ காத்தாயி, மருந்து கேக்கக் கூடாது, கூட ஆள் கேக்கக் கூடாது. புழுவை ஒழிக்கலேன்னா இனி வேலைக்கு வராதே."

"சரிங்கய்யா" என்ற காத்தாயி, குறுக்குக் குச்சி கட்டிய கம்புகளை வயல் நெடுக நட்டாள். விடிந்தபோது கம்புக்கொரு கரிச்சான் குருவி உட்கார்ந்து, பறந்து பறந்து புழு பிடித்தது.

தாண்டவராயர் பதறி ஓடிவந்தார். "அடிப்பாவி, என் நெல்லைத் தின்னக் குருவியைக் கூட்டி வெச்சிருக்கியே. விரட்டு."

"கதிரே இன்னும் வரலைங்களே ஐயா. அதுங்க புழுவைத்தான் தின்னுது. விரட்டினா, அந்தக் கம்புல நீங்கதான் உக்காரணும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தன் வெள்ளிப்பூண் கைத்தடியைச் சேற்றில் ஊன்றினார்.

"இந்தா, இன்னும் ஒரு ஆள் சேத்துக்கோ."