நிறுத்தல் சாசனமும் நண்டு வளையும்

முன்னொரு காலத்தில், ஓர் ஓலை எழுதினால் அதற்கு மூன்று படி எடுக்க வேண்டும் என்கிற பழக்கம் அப்போதுதான் தொடங்கியிருந்த காலத்தில், ஒரு நாட்டை விசாலேந்திரர் என்கிற மகாராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர். யோசிப்பதற்கு முன்னால் முத்திரை குத்திவிடுவார், அவ்வளவுதான்.

பக்கத்து நாட்டு அரசர், பேசும் கிளி ஒன்று தருகிறேன், பதிலுக்கு எல்லையில் இருக்கும் சந்தனக் காட்டைக் கொடுங்கள் என்று ஒப்பந்தம் அனுப்பினார். மகாராஜா குத்தினார் முத்திரை. காடு போயிற்று, கிளி வந்தது. கிளி பேசவும் செய்தது. "வேண்டாம்" என்றது. அதற்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். பழம் நீட்டினாலும் வேண்டாம், கூண்டைத் திறந்துவிட்டாலும் வேண்டாம்.

"இந்தக் கிளிக்குத் தெரிந்த சொல்கூட அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போயிற்றே!" என்று மகாராஜா தலையில் அடித்துக்கொண்டார். இனிமேல் நன்மையை ஒரு தட்டிலும் தீமையை ஒரு தட்டிலும் வைத்து எடை பார்த்த பிறகே எதையும் செய்வது என்று முடிவெடுத்தார். யோசனையில் குற்றம் இல்லை. அதை மந்திரி சிற்சபேசரிடம் ஒப்படைத்ததில்தான் குற்றம்.

சிற்சபேசர், நீளமான வாசகம் கல்லில் ஏறாது என்று சுருக்கி, ஆள் உயரப் பலகைக் கல்லில் வெட்டுவித்து அரண்மனை வாசலில் நட்டார்: "எந்தக் காரியமானாலும் முதலில் நிறுத்தல் வேண்டும்." மீறித் தொட்டால் தொட்ட கை போகும் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. நிறுத்தல் மண்டபம் ஒன்று எழுந்தது. நடுவில் பொன்முலாம் பூசிய தராசு. காரியம் கேட்டு வருகிறவர் ஒன்பது ஓலை எழுத வேண்டும். முதல் ஓலையில் காரியத்தின் நன்மை, இரண்டாவதில் தீமை, மூன்றாவதில் நன்மையால் வரும் தீமை, நான்காவதில் தீமையால் வரும் நன்மை. இப்படியே போய், ஒன்பதாவதில் முந்தைய எட்டு ஓலைகளை எழுதியதால் உண்டான நன்மை தீமை.

அரசவையில் சோலையப்பன் என்று ஒரு விகடகவி இருந்தான். அவனுடைய வேடிக்கைப் பேச்சுக்கும் ஒன்பது ஓலை என்றாயிற்று. அயல்நாட்டுத் தூதர் அவையில் தும்மியபோது அவன் நாக்கு நுனியில் ஒரு வேடிக்கை வந்தது. அனுமதி பத்தொன்பதாம் நாள் வந்தது. தூதர் ஊர் போய்ச் சேர்ந்து, சளியும் தீர்ந்திருந்தது. காலி ஆசனத்தைப் பார்த்து அந்த வேடிக்கையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான் சோலையப்பன். அன்றைக்குத் தொடங்கிய எரிச்சல் அவனுக்கு ஆறவே இல்லை.

ஒரு நாள் அவன் மண்டபத்துப் பக்கம் போனபோது, முழங்கால் வரை சேறு காய்ந்த ஒருவர் ஓலைக்கட்டோடு நின்றுகொண்டிருந்தார். பெரிய ஏரியின் மடைக்காரர் சடையாண்டி. ஏரிக்கரையில் நண்டு வளை போட்டிருந்தது. விரல் அளவு ஓட்டை. அதை அடைக்கப் பத்துக் கூடை களிமண் போட அனுமதி கேட்டு அவர் வருவது இது நான்காவது நடை.

"மறுபடியும் வந்துவிட்டாயா, மடையா?" என்றார் சிற்சபேசர்.

"ஆமாங்க. எங்கப்பாரும் மடையருதானுங்க. மடை பாக்குற குடும்பம்."

"நான்காம் ஓலை எங்கே?"

"அதுல என்னங்க எழுதணும்?"

"ஓட்டையால் வரும் நன்மை."

"ஓட்டையில என்னங்க நன்மை?"

"நண்டுக்கு வீடாயிற்றே. நண்டின் தரப்பைக் கேட்டாயா?"

"நண்டு போயி பத்து நாளாச்சுங்க. ஓட்டை பூசணிக்கா அளவு ஆயிருச்சு. அதுவே பயந்துபோயி காலி பண்ணிருச்சு."

"அப்படியானால் நண்டு வெளியேறியதற்குத் தனி ஓலை கொண்டு வா."

சடையாண்டி ஓலைக்கட்டைக் கீழே வைத்துக் கும்பிட்டார். "சாமி, கரைக்குக் கீழ முந்நூறு வீடு இருக்கு. பயிரு பால் புடிச்சு நிக்குது. ஒரு மழை, ஒரே ஒரு நல்ல மழை பேஞ்சா எல்லாம் போயிரும். எங்க கையாலயே அடைச்சுருவோம், தொட்டா கையை வெட்டுவாங்கன்னு தண்டோரா போட்டிருக்கீங்க."

சோலையப்பனுக்குப் பொறுக்கவில்லை. "மந்திரியாரே, மேற்கே வானம் கறுத்துக் கிடக்கிறது. மழையிடமும் ஒன்பது ஓலை கேட்டுப் பாருங்களேன்!"

சிற்சபேசருக்குச் சோலையப்பனை நெடுநாளாகவே ஆகாது. அவன் வாயைத் திறந்தால் அவை சிரிக்கும், தான் திறந்தால் அவை தூங்கும் என்பது அவர் வயிற்றெரிச்சல். நேரே மகாராஜாவிடம் போனார்.

"வேந்தே! தங்கள் சாசனத்தைச் சோலையப்பன் பரிகசிக்கிறான். ஏரிக் காரியத்தில் நன்மை உண்டு என்கிறான். உண்டென்றால் நாளை உச்சிப்பொழுதுக்குள் அந்த நன்மையைத் தட்டில் வைத்து அவைக்குக் கொண்டு வரட்டும். இயலாதென்றால் அவையை விட்டுப் போகட்டும்."

மகாராஜாவுக்குச் சங்கடம்தான். ஆனால் தன் சாசனத்தைத் தானே தாண்டுவதா? "அப்படியே ஆகட்டும்" என்றார். கிளி "வேண்டாம்" என்றது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வாசல் வரை சடையாண்டியோடு நடந்தான் சோலையப்பன். மகாராஜாவின் கட்டளை அதற்குள் அவன் காதுக்கு வந்திருந்தது. சடையாண்டி அந்தக் கல்லின் முன்னால் நின்றார்.

"தம்பி, எனக்கு எழுத்து தெரியாது. இந்தக் கல்லுல என்னதான் எழுதியிருக்கு?"

"எந்தக் காரியமானாலும் முதலில் நிறுத்தல் வேண்டும்."

"அதான் நிறுத்திப்புட்டாங்களே" என்றார் சடையாண்டி, பெருமூச்சோடு.

சோலையப்பன் நின்றுவிட்டான். "அண்ணே, இப்ப என்ன சொன்னீங்க?"

"நிறுத்திப்புட்டாங்கன்னேன். ஏன் தம்பி, தப்பா?"

"தப்பே இல்லைண்ணே. இத்தனை பெரிய அரண்மனையில அந்தக் கல்லைச் சரியா படிச்சது நீங்க ஒருத்தர்தான். நாளைக்குக் காலையில இங்க வந்துருங்க."

மறுநாள் காலை, அரண்மனை முற்றத்தில் எல்லாப் பணியாளரையும் கூட்டி, சாசனத்தை ஒரு தடவை உரக்கப் படித்தான் சோலையப்பன். பிறகு கீழே இருந்த சின்ன எழுத்தை இரண்டு தடவை படித்தான். கை வேண்டும் என்பவர்கள் கலைந்து ஓடினார்கள்.

அப்போது நாவிதர் மகாராஜாவின் மீசையில் வலப்பக்கத்தைத் திருத்தி முடித்து இடப்பக்கத்துக்கு வந்திருந்தார். யாரோ ஓடிவந்து காதில் ஏதோ சொல்ல, கத்தியைக் கீழே வைத்தார். வெந்நீர்க்காரர் பாதிக் குடத்தோடு நின்றார். மடைப்பள்ளியில் அடுப்பு அணைந்தது. விசிறி பிடிப்பவர் விசிறியை ஓங்கியபடியே நின்றார். ஆலாபனை செய்துகொண்டிருந்த பாடகர் திறந்த வாயோடு நின்றுவிட்டதாகச் சொல்கிறார்கள். அதை மட்டும் நான் முழுதாக நம்பவில்லை.

உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னால், ஒரு பக்கம் முறுக்கு மீசையும் மறுபக்கம் புதருமாக, பசியில் கண் சிவந்து அவைக்கு வந்தார் மகாராஜா. அங்கே சடையாண்டியோடு காத்திருந்தான் சோலையப்பன்.

"யார் செய்த வேலை இது?"

"சாசனம் செய்த வேலை, வேந்தே. எந்தக் காரியமானாலும் முதலில் நிறுத்தல் வேண்டும் என்றிருக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம்" என்றான் சோலையப்பன் பணிவாக.

"அட மூடனே! நிறுத்தல் என்றால் எடை போடுதல்!"

"அப்படியா, வேந்தே? சடையாண்டியின் களிமண் இருபத்தேழு நாளாக மந்திரியார் மண்டபத்தில் நிற்கிறது. தராசு ஒரு தடவைகூட அசைந்து நான் பார்க்கவில்லை. அவர் செய்வதைப் பார்த்துத்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் கற்றுக்கொண்டேன்."

"பொருளைப் பிறகு பார்ப்போம்! சிற்சபேசரே, என் சாப்பாட்டை எடை போட்டு உடனே அனுமதியும்!"

சிற்சபேசர் பழக்கதோஷத்தில் ஓலைக்கட்டைப் பிரித்தார். முதல் மூன்று ஓலை எழுதி முடிப்பதற்குள் மகாராஜாவின் வயிறு இரண்டு முறை கர்ஜித்தது. "நான்காம் ஓலை, வேந்தே. பட்டினியால் வரும் நன்மை..."

"பட்டினியில் என்னய்யா நன்மை?" என்று அரியணையிலிருந்து எழுந்தேவிட்டார் மகாராஜா.

"நேற்று சடையாண்டியும் இதே குரலில்தான் கேட்டார், வேந்தே" என்றான் சோலையப்பன். "அவரை மடையன் என்றார்கள். போகட்டும், எனக்கு இட்ட கட்டளை ஒன்று இருக்கிறது. ஏரிக் காரியத்தின் நன்மையைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன்."

அவன் நீட்டியது மகாராஜா தினமும் சாப்பிடும் பொன் தட்டு. காலி.

"இதில் ஒன்றும் இல்லையே!" என்றார் சிற்சபேசர் வெற்றிக் களிப்போடு.

"இல்லைதான். கரை உடைந்தால் இப்படித்தான் இருக்கும். அரண்மனைக்கு அரிசி வருவது அந்த ஏரிக்குக் கீழே இருக்கும் வயல்களிலிருந்து. நன்மை இந்தத் தட்டில் எத்தனை எடை என்று மகாராஜாவின் வயிற்றைக் கேளுங்கள், சரியாகச் சொல்லும்."

மகாராஜா தட்டைப் பார்த்தார். தட்டின் பளபளப்பில் தன் ஒற்றை மீசையைப் பார்த்தார். வாய் கோணியது. அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஒப்பந்தமானால் எடை போட்டுப் பார்ப்போம். ஓட்டையானால் முதலில் மண்ணைப் போடுவோம். சடையாண்டி, ஓடும்! என் ஆட்களையும் கூட்டிக்கொள்ளும்!"

"மகாராசா, பத்துக் கூடை மண்ணு இப்பப் பத்தாதுங்க. ஓட்டை அவ்ளோ பெருசு. அது வாயில வைக்க நல்ல பலகைக் கல்லு ஒண்ணு வேணும்."

சோலையப்பன் வாசல் பக்கம் பார்த்தான். மகாராஜாவும் பார்த்தார்.

சாயங்காலம் மழை பிடிப்பதற்குள் சாசனக் கல் ஏரிக்கரையில் இறங்கிவிட்டது. களிமண் கூடைகளில் முதல் கூடை சிற்சபேசர் தலையில். நிறுத்தல் மண்டபத்தில் அவர் ஆசனத்தில் கிளியை வைத்தார்கள். பதில் அதேதான், ஆனால் உடனுக்குடன் கிடைத்தது. மகாராஜா தன் முத்துமாலையைக் கழற்றிச் சோலையப்பன் கழுத்தில் போட வந்தபோது, "இதற்கு எத்தனை ஓலை, வேந்தே?" என்று அவன் கேட்டுவைக்க, மறுபடியும் சிரித்து, மாலையோடு காதிலும் ஒரு திருகு கொடுத்தார்.

இரவெல்லாம் மழை கொட்டியது. விடிந்ததும் சடையாண்டி கரைக்குப் போய்க் குனிந்து பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அந்தக் கல் வாழ்நாளில் முதல் தடவையாக, நிறுத்த வேண்டியதை நிறுத்தியிருந்தது.