சுண்ணாம்புக் குட்டி

முன்னொரு காலத்தில், குதிரைப் பித்துப் பிடித்த ஓர் அரசர் இருந்தார். அவருடைய கறுப்புக் குதிரைக்கும் கறுப்புப் பெண்குதிரைக்கும் ஒரு குட்டி பிறந்தது. பார்த்தால் நெற்றியிலும் முதுகிலும் வெள்ளைத் திட்டுகள். இது எப்படி வந்தது என்று அரசர் கொதித்தார்.

சபையில் ஆதிமூலம், அரங்கேசர் என்று இரண்டு பண்டிதர்கள். ஒருவர் கிழக்கு என்றால் மற்றவர் மேற்கு என்பார். பெற்றவர் உடம்பில் படுவதெல்லாம் பிள்ளைக்கும் வரும் என்பது ஆதிமூலத்தின் கட்சி. லாயத்துக்கு வெள்ளையடித்தபோது லாயக்காரன் கருத்தான் சினைக்குதிரை மேல் சுண்ணாம்பைச் சிந்திவிட்டான் என்றார் அவர். பிள்ளை பெற்றவரை அப்படியே உரித்து வைத்திருக்கும் என்பது அரங்கேசரின் கட்சி. நல்ல குட்டியை விற்றுவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்து கட்டியிருக்கிறான் என்றார் இவர். எப்படிப் பார்த்தாலும் மாட்டிக்கொண்டவன் கருத்தான்.

அரசவை விகடன் மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை. கருத்தான் மேல் தப்பே இல்லை என்று குறுக்கே புகுந்தான். அவனைக் கண்டாலே பண்டிதர்களுக்கு வயிறு எரியும். நாளைக்குள் அதை நிரூபிக்காவிட்டால் அவனையும் கருத்தானோடு சேர்த்து நாடு கடத்த வேண்டும் என்றார்கள். அவர்கள் ஒத்துப்போனது அன்று ஒருநாள்தான். அரசரும் தலையாட்டிவிட்டார்.

மறுநாள் ஆதிமூலத்தின் பேரனுக்குக் காதுகுத்து. அரசரே வந்திருந்தார். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து குழந்தை வெல்லத்தைத் தின்று தீர்த்துவிட்டது, ஆசாரியைக் காணோம். மாசிலாமணிதான் வந்தான்.

“ஆசாரியை நான்தான் திருப்பி அனுப்பினேன், பண்டிதரே. தங்கள் குலத்தில் தலைமுறை தலைமுறையாகக் காது குத்துகிறீர்கள். பிள்ளை ஓட்டையோடுதானே பிறந்திருக்கும்?”

ஆதிமூலம் பேரனின் காதைத் தடவிப் பார்த்தார். அரங்கேசர் விழுந்து விழுந்து சிரித்தார். மாசிலாமணி அவர் பக்கம் திரும்பினான்.

“தங்கள் கணக்குப்படி அரண்மனையில் இன்னொரு திருட்டும் நடந்திருக்கிறது. இளவரசி சிரித்தால் கன்னத்தில் குழி விழுகிறது. அரசருக்கும் அது இல்லை, அரசியாருக்கும் இல்லை. யாரை நாடு கடத்தலாம்?”

அரங்கேசர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பின்னால் நகர்ந்தார். அரசரின் முகம் சிவந்தது.

“அது என் தாயாரின் கன்னக்குழி,” என்றார்.

“தங்களிடம் ஒளிந்திருந்துவிட்டுப் பேத்தியிடம் எட்டிப் பார்க்கிறது, அரசே. பட்டமேற்ற அன்று தாங்கள் ஏறி வந்த குதிரை நினைவிருக்கிறதா? திட்டுத் திட்டாக இருக்குமே, அதுதான் இந்தக் குட்டிக்குப் பாட்டி.”

அரசர் சிரித்த சிரிப்பில் குழந்தை மடியைவிட்டு இறங்கி ஓடியது. கருத்தானை விட்டுவிடச் சொல்லி, தம் முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணிக்குப் போட்டார். பண்டிதர்களுக்கும் வேலை கொடுத்தார். அந்தக் குட்டி வளர்ந்து குட்டி போடும்வரை கருத்தானுக்குக் கீழே லாயத்தில் இருந்து, பிறப்பது என்ன நிறம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். லத்தி அள்ளும்போதும் இருவரும் சண்டையை விடவில்லை. அதைக் கேட்டுச் சிரிப்பதற்கென்றே அரசர் மாசிலாமணியையும் கூட்டிக்கொண்டு தினமும் லாயத்துக்குப் போனார்.