இலைக்கு எட்டாத உப்பு

ரொம்ப நாளைக்கு முன்னால், மல்லிகாபுரி என்ற பட்டணத்தைக் கனகசேனன் என்ற ராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனுஷர்தான். ஆனால் எதைப் பார்த்தாலும் ஒழுங்காக, வரிசையாக இருக்க வேண்டும் என்கிற பைத்தியம் அவருக்கு உண்டு. தோட்டத்துச் செடி ஒன்று கோணலாக வளர்ந்தால்கூட அன்றைக்கு அரண்மனையில் யாருக்கும் நிம்மதி இருக்காது.

ராஜாவின் இந்தப் பலவீனத்தை நன்றாகப் பிடித்துவைத்திருந்தவர் நகர அதிகாரி கஜபதி. மந்திரி ஆதிமூலத்துக்குச் சபையில் கிடைக்கிற மரியாதையைப் பார்த்து அவருக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, தெருவுக்குத் தெரு அரிசிக்கடை, பக்கத்திலேயே காய்கறிக்கடை, அதை ஒட்டி வீடு. பார்க்கவே கண்றாவி! அரிசியெல்லாம் கிழக்கு வாசல், உப்பும் புளியும் மேற்கு வாசல், காய்கறி வடக்கே, எண்ணெய் தெற்கே என்று பிரித்துவிட்டால் பட்டணம் படம் வரைந்த மாதிரி இருக்கும்" என்றார் கஜபதி.

ராஜாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மறுநாளே தண்டோரா போட்டாகிவிட்டது.

பட்டணம் படம் மாதிரிதான் ஆனது. ஆனால் படத்தில் இருப்பவர்களுக்குப் பசிக்காது, மல்லிகாபுரிக்காரர்களுக்குப் பசித்ததே! ஒரு ரசம் வைக்க ஊரின் நாலு மூலைக்கும் போய்வர வேண்டியிருந்தது. நடந்து நடந்து கால் ஓய்ந்த ஜனங்கள் ஆளுக்கொரு மாட்டுவண்டி வாங்கினார்கள். எந்த மூலைக்குப் போவதானாலும் நடுவிலிருந்த நெசவாளர் தெருவைத் தாண்டித்தான் போயாக வேண்டும். கஜபதி அந்தத் தெருவை ஒருமுறை அகலப்படுத்தினார். இனித் தாராளமாகப் போகலாமே என்று, அதுவரை வண்டி வாங்காதவர்களும் வாங்கினார்கள். தெரு மறுபடியும் அடைத்துக்கொண்டது.

ஒருநாள் ராஜாவின் தேரே ஒரு பூசணிக்காய் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. வண்டிமாடு நடுத்தெருவில் படுத்து நிதானமாக அசைபோட்டது. ராஜாவுக்கு வந்ததே கோபம்! "தெருவை இன்னும் அகலமாக்குங்கள்!" என்று கத்தினார்.

கஜபதி அதற்குத்தானே காத்திருந்தார். தெருவின் ஒரு பக்கத்து வீடுகள் பூராவும் இடிபடப்போகின்றன என்பதற்கு அடையாளமாக, ஒவ்வொரு சுவரிலும் தன் கையாலேயே காவிக்கோடு போட்டார்.

மறுநாள் ஒரு நிறைமாத கர்ப்பிணி சபைக்கு வந்து நின்றாள். அந்தத் தெருவில் தறி நெய்கிற மாடசாமியின் மனைவி செல்லத்தாயி.

"சாமி, இந்த வயித்தோட நான் எங்கே போவேன்? பிள்ளை பிறந்தா தொட்டில் கட்ட எங்களுக்கு இருக்கிறது அந்த ஒரு விட்டந்தான். அதையும் இடிச்சுட்டா..." மேலே பேச முடியாமல் அழுதுவிட்டாள்.

ராஜாவின் முகம் இளகியது. "என்னம்மா செய்வது? வண்டிகள் போக வழி வேண்டாமா?"

மந்திரி ஆதிமூலம் எழுந்தார். "மகாராஜா, வீட்டை இடிக்காமலே தெருவைக் காலியாக்க ஒரு வழி இருக்கிறது. நாளைக்கு அரண்மனையில் நான் ஒரு விருந்து வைக்கிறேன். அதை முடித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லுங்கள்."

கஜபதி சிரித்தார். "விருந்து சாப்பிட்டால் தெரு அகலமாகிவிடுமோ? வழி பிறக்காவிட்டால் மந்திரியார் வீட்டையே முதலில் இடிக்கலாமா?"

"தாராளமாக இடியும். கடப்பாரை நானே தருகிறேன்."

மறுநாள் மத்தியானம் நடுக்கூடத்தில் இலை போட்டிருந்தது. ராஜா, ராணி, சபையோர் எல்லாரும் நல்ல பசியோடு உட்கார்ந்தார்கள். இலையில் ஒன்றையும் காணோம்.

"சோறு எங்கே, மந்திரி?"

"கிழக்கு மண்டபத்தில், மகாராஜா. குழம்பு மேற்கு மண்டபத்தில். பொரியல் வடக்கே, உப்பு தெற்கே. எல்லாவற்றையும் ஒழுங்காகப் பிரித்து வைத்திருக்கிறேன். போய் எடுத்துவர வேண்டியதுதான் பாக்கி."

ராஜா நடப்பாரா? பல்லக்கு வந்தது. ராணிக்கு ஒரு பல்லக்கு. அதைப் பார்த்துச் சபையோரும் ஆளுக்கொரு பல்லக்கைக் கூப்பிட்டார்கள். சோற்றுக்குப் போன பல்லக்கும் குழம்போடு வந்த பல்லக்கும் நடைகூடத்தில் முட்டிக்கொண்டன. கஜபதிக்குக் குழம்பாலே அபிஷேகம் நடந்தது. முன்னால் போகவும் வழியில்லை, பின்னால் வரவும் வழியில்லை.

"கஜபதி, உமக்குத்தான் இதில் அனுபவம். என்ன செய்யலாம்?" என்று பவ்வியமாகக் கேட்டார் மந்திரி.

தாடியில் வழிந்த குழம்பைத் துடைத்தபடி, பழக்கதோஷத்தில் கத்தினார் கஜபதி: "நடை குறுகல்! இந்தச் சுவரை இடித்துத் தள்ளுங்கள்!"

ராணி பல்லக்குத் திரையை விலக்கினாள். "என்னது? அது என் அறைச் சுவர் ஐயா! என் பிள்ளைக்குத் தொட்டில் கட்டின அறை!"

"எதற்கு இடிக்க வேண்டும்?" என்று பசியில் கர்ஜித்தார் ராஜா. "சோறும் உப்பும் இலைக்குப் பக்கத்தில் இருந்தால் எவன் எழுந்து போகப்போகிறான்? பக்கத்தில் வைக்க முடியாததை ஒரு ஆள் வாளியில் எடுத்துப் பந்தி நெடுகப் பரிமாறிக்கொண்டு வந்தால் போதாதா? ஆளுக்கொரு பல்லக்கு எதற்கு?"

சொல்லி முடித்த ராஜா பல்லக்கை விட்டுக் கீழே இறங்கினார். தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்துவிட்டது.

"ஊருக்கும் அது போதும், மகாராஜா" என்றார் மந்திரி.

ராஜாவுக்கு வெட்கமாக இருந்தது. அழுதுகொண்டு நின்ற அந்தப் பெண்ணின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. வீடுகளை யாரும் தொடக்கூடாது என்று அங்கேயே உத்தரவு போட்டார். கடைகள் பழையபடி தெருவுக்குத் தெரு திரும்பின. இடம் மாற்ற முடியாத ஆற்றுத்துறைக்கும் கோயிலுக்கும் போய்வர, மணி கட்டிய நீள வண்டிகள் ஊரைச் சுற்றிவந்தன. யார் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம். ஜனங்கள் தங்கள் வண்டிமாடுகளை அவிழ்த்து ஏரில் பூட்டினார்கள்.

மந்திரிக்கு ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். கஜபதியைப் பார்த்து, "நீர் கொஞ்ச காலம் அந்த வண்டியில் உட்கார்ந்து தெருப்பெயரைக் கூவும். ஊர் எப்படிப் பிழைக்கிறது என்று தெரியட்டும்" என்றார்.

ஒரு காலையில், கஜபதி கூவிக்கொண்டு வந்த வண்டியில் மருத்துவச்சி ஓடிவந்து ஏறினாள். "நெசவாளர் தெரு, ஐயா! செல்லத்தாயிக்கு வலி எடுத்துடுச்சு, சீக்கிரம்!"

கஜபதி பதறிப்போய் வண்டிக்காரனை விரட்டினார். தெரு காலியாகக் கிடந்தது. வாசலில் வண்டி நின்றதும் மருத்துவச்சி உள்ளே ஓடினாள். வண்டி கிளம்பிப் போனது. கஜபதிக்குத்தான் போக மனம் வரவில்லை. எதிரே சுவரில், அவர் போட்ட காவிக்கோடு இன்னும் அழியாமல் இருந்தது. வாசலில் மாடசாமி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். இவரும் பக்கத்தில் நின்றார்.

வெயில் ஏறின நேரத்தில் உள்ளேயிருந்து குழந்தையின் அழுகுரல் கேட்டது.

கஜபதி தோளில் கிடந்த பட்டு அங்கவஸ்திரத்தை வாசல் தொட்டியில் நனைத்துப் பிழிந்து, அந்தக் கோட்டைத் தேய்த்து அழிக்க ஆரம்பித்தார்.