குமிழனின் கோணல் கூடு

தாமரைக் குளத்தின் கரையில் ஓர் ஈச்சமரம். மரம் முழுக்கத் தூக்கணாங்குருவிகள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலம் வந்ததும் ஆண்குருவி பாதிக் கூடு கட்டித் தொங்கவிடும். பெண்குருவி வந்து அலகால் இழுத்து, ஆட்டிப் பார்க்கும். பிடித்துவிட்டால் அங்கேயே தங்கிவிடும். அன்றைக்கே கல்யாணம்! மீதிக் கூட்டை அப்புறம் கட்டிக்கொள்ளலாம்.

குமிழன் என்ற குருவி அந்த ஆண்டு கட்டிய மூன்று கூடுகளும் படுமோசம். முதல் கூட்டின் வாசலில் காக்காயே நுழைந்துவிடும். இரண்டாவது, பெண்குருவி தொட்டதுமே தொப்பென்று குளத்தில் விழுந்தது. மூன்றாவதைப் பார்க்க வந்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் பறந்தே போய்விட்டாள்.

"நம்ம பரம்பரையிலேயே கூடு கட்டத் தெரியாத பிள்ளை நீதான்டா!" என்று அப்பா குருவி தலையில் அடித்துக்கொண்டார்.

"பிள்ளையைத் திட்டாதீங்க! ஏற்கெனவே இளைச்சுப் போயிருக்கான்" என்றாள் அம்மா.

உண்மையில் குமிழன் மகா கெட்டிக்காரன். எதிர்க்கரைக் கருவேல மரத்து ஓலையன் மேல்தான் அவனுக்கு ஆசை. ஓலையனும் ஆண்குருவி. பெண்குருவிகள் குமிழனுக்கு நல்ல தோழிகள், அவ்வளவுதான். ஓலையன் பறந்து வந்தால்தான் நெஞ்சு படபடக்கும். வீட்டில் சொன்னால் மரத்தைவிட்டே துரத்திவிடுவார்களோ என்று பயம். அதனால் வருகிற பெண்கள் தாங்களாகவே ஓடட்டும் என்று வேண்டுமென்றே கோணலாகக் கட்டினான்.

"எத்தனை நாளைக்குடா இப்படி?" என்று கேட்டான் ஓலையன்.

"மழைக்காலம் முடியறவரைக்கும்!"

"அடுத்த மழைக்காலம் வந்தா?"

குமிழன் ஒரு நாரைக் கவ்விக்கொண்டு ஈச்சமரத்துக்கே பறந்துவிட்டான்.

நான்காவது கூட்டையும் கோணலாகக் கட்டிவிட்டு இரை தேடப் போனான். திரும்பி வந்தால் பகீரென்றது. கூடு கச்சிதமாகத் தொங்கியது! பக்கத்தில் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பிள்ளையின் மானம் போகக்கூடாதென்று அத்தனை முடிச்சையும் அவிழ்த்து, தானே பின்னியிருந்தார் மனிதர்! மன்னிக்கவும், குருவி. கூட்டுக்குள் மாதுளி என்ற பெண்குருவி ஊஞ்சலாடிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு இழுத்தாலும் பிய்யல! எனக்குப் பிடிச்சிருக்கு!" என்றாள்.

அம்மாவுக்கு ஆனந்தக் கண்ணீர். குமிழனோ மாதுளியைப் பார்த்தான். இப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த நல்ல பெண்ணின் வாழ்க்கையும் பாழாகிவிடும்.

"மாதுளி, என்னை மன்னிச்சிடு. இது நான் கட்டினதில்ல. அம்மா, அப்பா... எனக்குப் பெண்குருவி மேல ஆசை வரல. வரவும் வராது. எனக்கு ஓலையனைத்தான் பிடிச்சிருக்கு. அதான் எல்லாக் கூட்டையும் வேணும்னே கெடுத்தேன்!"

அப்பா திறந்த அலகை மூடவில்லை.

"அப்ப உனக்குக் கட்டத் தெரியுமா?"

"தெரியும்ப்பா. கருவேல மரத்துல நானும் ஓலையனும் ஒண்ணு கட்டியிருக்கோம்."

"இதை எங்கிட்ட சொல்லவா பயந்தே? நான் என்ன அவ்வளவு பொல்லாதவனாடா?" அப்பாவின் குரல் உடைந்தது.

"பயந்து பயந்துதான் இளைச்சியா என் கண்ணு!" என்ற அம்மா அடுத்த நொடியே குளத்தைத் தாண்டிப் பறந்தாள். எல்லோரும் பின்னாலேயே பறந்தார்கள்.

கருவேல மரத்தில் ஓலையன் கூட்டைவிட்டு விலகி நின்றான். அம்மா கூட்டுக்குள் நுழைந்தாள். நாரைக் கடித்து இழுத்தாள். தலைகீழாகத் தொங்கி ஆட்டினாள். கூடு அசைந்துகொடுத்ததே தவிர, ஒரு முடிச்சும் விடவில்லை.

"மாப்பிள்ளை, வாசல்ல ஒரு நார் நீட்டிக்கிட்டிருக்கு, அதை மட்டும் கவனிங்க. மத்தபடி எனக்குப் பிடிச்சிருக்கு!"

ஓலையனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

"நல்லவேளை இன்னிக்கே சொன்னே! கல்யாணத்துக்கு நான்தான் தோழி!" என்று குதித்தாள் மாதுளி.

அப்பா எங்கே? ஈச்சமரத்துக்கே திரும்பிவிட்டார். கிளை கிளையாகப் பறந்து கத்திக்கொண்டிருந்தார்: "என் பிள்ளைக்குக் கட்டத் தெரியாதுன்னு யாருய்யா சொன்னது? அவனும் என் மருமகனும் கட்டின கூட்டை வந்து பாருங்கய்யா!"

பயத்தால் நம்மை நாமே மட்டமாகக் காட்டிக்கொண்டு வாழ்வதைவிட, நாம் யாரென்று அன்புள்ளவர்களிடம் சொல்லிவிடுவதே நமக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.