விழுந்தாலும் எழுந்து வரும் படை

முன்னொரு காலத்தில், பெயர் மறந்துபோன ஒரு நாட்டில், வீரகண்டன் என்ற அரசனுக்குப் பொம்மைப் போரில் பித்துப் பிடித்தது. சபை நடுவே மணலைக் கொட்டி மலையும் ஆறும் அமைத்தார்கள். அதில் மண்பொம்மைச் சிப்பாய்கள் அணிவகுத்து நின்றார்கள். அரசனும் தளவாய் காங்கேயனும் பகடை உருட்டுவார்கள். பகடை சொன்னபடி பொம்மைகள் சாயும்.

விதிகளை வகுத்தவன் தளவாய். எதிரியின் பொம்மை விழுந்தால் செத்தது செத்ததுதான். அரசரின் பொம்மை விழுந்தாலோ, அடுத்த உருட்டிலேயே துணைப்படையாக எழுந்து பின்வரிசைக்கு வந்துவிடும். அரசன் ஒரு போரில்கூடத் தோற்காததைக் கண்டு சபையே வியந்தது. வியக்காமல் இருக்க யாருக்குத் துணிச்சல்?

அரசவை விகடன் சடையாண்டி மட்டும் ஒருநாள் வாயைவிட்டான். "அரசே, தங்கள் படையில் சாவே இல்லை. பாவம், எமனுக்குத்தான் பிழைப்புப் போயிற்று."

அரசன் சிரித்தான். தளவாய் சிரிக்கவில்லை.

ஜெயித்து ஜெயித்து அரசனுக்கு மணல் போதவில்லை. "பக்கத்து நாட்டின்மேல் படையெடுப்போம்!" என்றான்.

தளவாய் சமயம் பார்த்து வணங்கினான். "உத்தமமான முடிவு, பிரபு. முன்வரிசையில் சடையாண்டி நிற்கட்டும். வீரர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே போவார்."

"அப்படியே ஆகட்டும்!"

சடையாண்டிக்குத் தளவாயின் எண்ணம் புரிந்தது. எதிரியின் அம்பு நகைச்சுவையை ரசிக்காது. வெளியே ஆள்சேர்க்கும் முரசு வேறு முழங்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் சிரித்த முகத்தோடு கைகூப்பினான்.

"பெரும் பாக்கியம், அரசே. எனக்கு விழத் தெரியும், எழத்தான் தெரியாது. தளவாயார் ஒருமுறை செய்து காட்டினால் கற்றுக்கொள்வேன்."

"எதைச் செய்து காட்டுவது?" என்றான் தளவாய்.

"தாங்கள் வகுத்த விதியைத்தான். இதோ நிற்கும் காவலர் தங்களை ஒரே வெட்டாக வெட்டுவார். தாங்கள் விழுந்துவிட்டு, பின்வரிசையிலிருந்து எழுந்து வாருங்கள். அதிக நேரம் பிடிக்காதே?"

அரசனுக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை வந்துவிட்டது. "நியாயம்தான். காவலா, வாளை உருவு!"

தளவாய் பாய்ந்துபோய்த் தூணுக்குப் பின்னால் பதுங்கினான். "பிரபு! அது பொம்மைக்கு வகுத்த விதி! மனிதன் விழுந்தால் விழுந்ததுதான்!"

"அடடா, அப்படியா?" என்றான் சடையாண்டி. "முரசு கேட்டு வாசலில் வந்து நிற்கிறார்களே, அவர்களிடம் இதை யாரும் சொல்லவில்லையே!"

அரசன் வாசலைப் பார்த்தான். தூணைக் கட்டிக்கொண்டு நின்ற தளவாயைப் பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். முரசை நிறுத்தச் சொன்னான். தன் முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டியின் கழுத்தில் போட்டான். இனி எந்தப் பக்கத்துப் பொம்மையும் விழுந்தால் எழக்கூடாது என்று விதியையும் மாற்றினான்.

அன்றே சடையாண்டியோடு ஆட உட்கார்ந்தான். ஒரு பொம்மைச் சிப்பாயைக் கையில் எடுத்தவன் மணல் ஆற்றின் கரையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தான். பொழுதும் சாய்ந்தது.

"நகர்த்துங்கள், அரசே."

"பொறுடா," என்றான் அரசன். "இவன் போனால் திரும்பி வரமாட்டான்."