பல்லி பிடித்த தூக்கு

"சுவர் சாய்கிறது" என்று நடுவரிச் செங்கல் சொன்னது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் காலத்தில் செங்கலுக்கும் வாய் உண்டு. ஆனால் அது வாயைத் திறந்தாலே புகார்தான். என்னைச் சரியாக நனைக்கவில்லை, பக்கத்துக் கல் இடிக்கிறது, இப்படி ஏதாவது. அதனால் கொத்தனாராக இருந்த குளவி, கரண்டிப் பிடியால் அதன் தலையில் ஒரு தட்டு தட்டியது.

"சூளையை விட்டு வந்ததிலிருந்து குறைதான் சொல்கிறாய். பேசாமல் உட்கார்."

"குறை இல்லை அக்கா. என் மேலே உட்கார்ந்திருக்கிறவன் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறான்."

குளவி நிமிர்ந்து சாரத்தைப் பார்த்தது. அங்கே மூங்கிலில் பல்லி ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போதெல்லாம் பல்லியின் வால் ரொம்ப நீளம், நுனியில் குண்டு மாதிரி கனம். மேலேயிருந்து தொங்கவிட்டால் நேராக நிற்கும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் குளவி கல் வைக்கும். தூக்குப் பார்ப்பது என்றால் அதுதான்.

"தம்பி, அசைந்தாயா?"

"இல்லை அக்கா. சரியாகத்தான் இருக்கிறது."

பொய். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஈசல் கிளம்பியிருந்தது. பல்லி நாலு எட்டு ஓடிப் பிடித்துத் தின்றது. திரும்பி வந்தபோது பழைய இடம் எது என்று அதற்கே தெரியவில்லை. சொன்னால் வைத்த வரிகளைப் பிரிக்க வேண்டும், எல்லோரும் திட்டுவார்கள். அதனால் சொல்லவில்லை. வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

சாந்து சுமந்துகொண்டிருந்த சித்தாள் மூஞ்சூறு நின்றுவிட்டது. அதன் குட்டி சுவரடியில் சாக்கு விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த வெயிலுக்கு அங்கே வேறு நிழல் இல்லை.

"அக்கா, கல் இப்படிச் சொல்கிறதே. பிள்ளையை எடுத்துவிடட்டுமா?"

"பல்லி சரி என்கிறதே. தூங்குகிற பிள்ளையை ஏன் எழுப்புகிறாய்? மழைக்கு முன்னால் கூரை ஏற வேண்டாமா? சாந்தைக் கொண்டு வா."

மூஞ்சூறு மேலே பல்லியைப் பார்த்தது. பல்லியும் அதைப் பார்த்தது. வாயோரம் ஒட்டியிருந்த ஈசல் இறக்கையை நக்கிக்கொண்டது.

மூஞ்சூறு சாந்து எடுக்கத் திரும்பியபோது சுவர் விழுந்தது.

தொங்கிய வால் கற்களுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. பல்லி இழுத்த இழுப்பில் அது அறுந்துபோய்க் கிடந்து துடித்தது. அதை யாரும் பார்க்கவில்லை. மூஞ்சூறு சுவரின் அடி ஓரமாகவே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி, கல் கல்லாக முகர்ந்தது. கடைசியில் குட்டி கிடைத்தது. உயிர் இல்லை.

செங்கல் அதற்குப் பிறகு பேசவே இல்லை. குளவி ஒரு கல்லை எடுத்து நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தது.

மூஞ்சூறு சாரத்துக்குக் கீழே வந்து நின்றது.

"நான் கேட்டபோது நீ என்னைப் பார்த்தாய்."

"ஆமாம்."

"தெரிந்தும் பேசாமல் இருந்தாய்."

"ஆமாம்."

"போய்விடு. இனிமேல் சுவர் இருக்கிற பக்கமே உன்னைப் பார்க்கக் கூடாது."

பழைய கல்லை எடுத்தே புதுச் சுவர் கட்டினார்கள். முதல் வரியின் ஈரம் காயும் முன்னே பல்லி சாரத்தை விட்டு இறங்கி வந்து, வயிற்றை அதில் அழுத்திக்கொண்டது. மயிரிழை சாய்ந்தாலும் வயிற்றுக்குத் தெரிந்துவிடும். வரி ஏற ஏற அதுவும் ஏறியது. கூரை போட்ட பிறகும் இறங்கவில்லை.

அன்று முதல்தான் கொத்தனார்கள் உயிருள்ள எதையும் நம்பாமல் குண்டு நூலை நம்புகிறார்கள். மூஞ்சூறு சுவர் ஓரமாகவே ஓடுகிறது. பல்லியை நாம் துடைப்பத்தால் தட்டுகிறோம். வாலைப் போட்டுவிட்டு விட்டத்துக்கு ஓடி, கொஞ்ச நேரத்தில் அதே சுவருக்கு வந்து அசையாமல் ஒட்டிக்கொள்கிறது. போய்விடு என்று அதற்கு அன்றே சொல்லியாகிவிட்டது. அது போகவில்லை.