காபி கொண்டுவந்த பெண்

மொட்டைப்பனையூர்க்காரர்களைப் பற்றி நான் சொல்வதில் பாதிதான் பொய். எந்தப் பாதி என்பது எனக்கே மறந்துவிட்டது. அதனால் முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஊர் ஒச்சம்மாளுக்கு இரண்டு செல்வங்கள். ஒன்று கிடா, இன்னொன்று மகன் வெயிலுமுத்து. பாசமும் அந்த வரிசையில்தான். கிடாவுக்கு நீளமாகத் தாடி தொங்கும். ஒச்சம்மாள் அதைத் தினமும் சீவிவிடுவாள்.

வெயிலுமுத்துவுக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார்கள். கிடாவை நாலு பார்வை பார்த்தார்கள். "எத்தனை கிலோ தேறும்?" என்று கேட்டார்கள். அதோடு சம்பந்தம் முறிந்தது.

"இனி எனக்கு வர்ற மருமக கறி திங்காதவளா இருக்கணும். அப்படி ஒருத்தி கிடைக்கலேன்னா இவன் சாமியாராப் போகட்டும்" என்று சொல்லிவிட்டாள் ஒச்சம்மாள்.

வெயிலுமுத்துவுக்குச் சாமியாராக இஷ்டமில்லை. முன்தலையில் முடி கொட்ட ஆரம்பித்திருந்தது. தரகர் குற்றாலிங்கம் செருப்புத் தேய அலைந்து, கீழக்கோட்டையூரில் சைவக் குடும்பம் ஒன்றைப் பிடித்தார். தனக்குக் காய்ச்சல், கூட வரமுடியாது என்று சொல்லி, போகிறவர்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்.

"சுத்த சைவக் குடும்பம். வாசல்லயே நின்னு வாங்க வாங்கன்னு கூப்பிடுவாங்க. இலை போட்டுச் சாப்பாடு போடுவாங்க. அப்புறம் காபி வரும். காபி கொண்டு வர்றதுதான் பொண்ணு. பிடிச்சிருந்தா பிடிச்சிருக்குன்னு சொல்லுங்க. வேற என்ன கேட்டாலும் ஊருக்குப் போய்க் கடுதாசி போடறோம்னு சொல்லுங்க. இதையும் கெடுத்தீங்க, அடுத்த பொண்ணை நீங்களே பார்த்துக்கோங்க."

மாப்பிள்ளை வெயிலுமுத்து, தாய்மாமன் கொப்பையா, சித்தப்பா மாடக்கண்ணு ஆகிய மூவரும் பூ, பழம், வெற்றிலைத் தட்டோடு பஸ் ஏறினார்கள்.

பாதி வழியில் பஸ் நின்றது. "சாப்பிடறவங்க சாப்பிட்டு வாங்க" என்றார் கண்டக்டர். எதிரே ஓர் ஓட்டல். வாசலில் நின்ற ஆள், "வாங்க வாங்க, உள்ள வாங்க, சாப்பாடு ரெடி" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிட்டார். அவர் தலைக்குமேல் பலகையில் 'சுத்த சைவம்' என்று எழுதியிருந்தது.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கீழக்கோட்டையூர் இன்னும் தூரம்னாங்களே, மாமா" என்றான் வெயிலுமுத்து.

"பஸ்ஸு வேகமா வந்திருக்கும்டா" என்றார் கொப்பையா.

உள்ளே ஏகப்பட்ட கூட்டம். "சொந்தபந்தம் ஜாஸ்திதான்" என்று மாடக்கண்ணு மேஜைக்கு மேஜை போய்க் கும்பிடு போட்டார். சாப்பிட்டு எழுந்தவர்கள் எல்லாரும் வாசலருகே பெட்டியோடு உட்கார்ந்திருந்த முதலாளியிடம் பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"பாத்தியா மச்சான், பொண்ணு பார்க்கிறதுக்கே மொய் விழுது" என்றார் மாடக்கண்ணு.

"பெரிய இடம்" என்றார் கொப்பையா.

இலை விழுந்தது. சாதம், சாம்பார், கூட்டு, அப்பளம், ரசம், மோர். ஒரு துண்டு எலும்பு கிடையாது. சைவம் உறுதியானது. தோளில் துண்டோடு ஒருவர் வந்து, "காபி கொண்டு வரட்டுமா?" என்றார். மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வெயிலுமுத்து தலையை வாரிக்கொண்டான்.

காபியைக் கொண்டுவந்தது சர்வர் பலவேசம். ஐம்பத்தைந்து வயசு. மேலே வழுக்கை. கீழே மீசை, இரண்டு பக்கமும் முறுக்கியது. தலையைக் குனிந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் மூன்று டம்ளரையும் வைத்தார்.

மூவரும் டம்ளரைத் தொடாமல் மீசையையே பார்த்தார்கள்.

"அடக்கமான பொண்ணு. குனிஞ்ச தலை நிமிரலை பாத்தியா?" என்றார் கொப்பையா, மெதுவாக.

"மீசை கொஞ்சம் தூக்கலா இருக்கே, மச்சான்."

"உனக்கு மீசையே இல்லை, மாடக்கண்ணு. உன்னை நாங்க சித்தப்பான்னு ஒத்துக்கலையா?"

மாடக்கண்ணு தன் மேலுதட்டைத் தடவிக்கொண்டார். ஆனாலும் பெண்ணைப் பாடச் சொல்லும் முறை என்று ஒன்று இருக்கிறதே. பலவேசத்தைப் பார்த்து, "உனக்கு வர்றதை ஒரு தடவை எடுத்துவிடு" என்றார். சர்வரிடம் இப்படிக் கேட்டால் என்ன நடக்கும்?

"இட்லி, தோசை, ரவா தோசை, ஊத்தப்பம், பொங்கல், பூரி, வடை, தயிர் வடை, சேவை, கிச்சடி, பணியாரம்" என்று ஒரே மூச்சில் பலவேசம் எடுத்துவிட்டார்.

"ராகம் சுமார். மூச்சு நல்ல மூச்சு" என்று தீர்ப்புச் சொன்னார் கொப்பையா.

வெயிலுமுத்து காபியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் மீசை, ஒரு பக்கம் சாமியார் வேஷ்டி. இந்த வாசலை விட்டால் வேறு வாசல் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தான்.

"எப்படி இருக்கு, தம்பி?" என்றார் பலவேசம்.

"பிடிச்சிருக்கு" என்றான் வெயிலுமுத்து.

"இன்னொண்ணு கொண்டு வரவா?"

"ஆசையைப் பாரேன்" என்று மாடக்கண்ணு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வெளியே பஸ் ஹாரன் அடித்து, அடித்து, அலுத்துப் போய்விட்டது. கொப்பையா வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு போய் முதலாளி முன்னால் வைத்தார்.

"தட்டு எதுக்கு? மூணு சாப்பாடு, மூணு காபி. காசை எடுங்க" என்றார் முதலாளி.

கொப்பையா ஒதுங்கி வந்தார். "மச்சான், பரிசம் போடச் சொல்றாங்க."

"நம்மகிட்ட திரும்பிப்போற பஸ் காசுதானே இருக்கு?"

தரகர் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. கொப்பையா முதலாளியிடம் போய் அழகாகச் சொன்னார்: "ஊருக்குப் போய்க் கடுதாசி போடறோம்."

முதலாளி முப்பது வருஷமாக ஓட்டல் நடத்துகிறார். கடுதாசி போடுகிறேன் என்று யாரும் சொன்னதில்லை. "கடுதாசியா? அந்தப் பையன் இங்கயே இருந்து மாவாட்டட்டும். நீங்க ரெண்டு பேரும் போய்க் காசோட வாங்க" என்றார்.

கொப்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வெயிலு, வீட்டோட மாப்பிள்ளையா கேக்குறாங்கடா. சம்மதமா?"

வெயிலுமுத்து அதற்குள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டான்.

கீழக்கோட்டையூரில் ஒரு பெண் அன்று காபியை நாலு தடவை சூடு பண்ணி, கடைசியில் தானே குடித்தாள். அது அவள் அதிர்ஷ்டம்.

பெரியவர்கள் இருவரும் பொழுது சாய ஊர் திரும்பினார்கள். ஒச்சம்மாள் கிடாவுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா அண்ணே? பொண்ணு எப்படி?"

"கெட்டிக்காரப் பொண்ணும்மா. ஒத்தக் கையில மூணு காபி தூக்கிட்டு வருது. நம்ம பயலை வீட்டோட வச்சுக்கிட்டாங்க" என்றார் கொப்பையா. மறைத்தால் பாவம் என்று மெல்ல இழுத்தார். "கொஞ்சம் வயசு கூட. தலையில முடி இல்லை. மீசை இருக்கு."

ஒச்சம்மாள் தழையைக் கீழே வைத்தாள்.

"கறி திங்குமா?"

"மூச்!" என்றார் மாடக்கண்ணு. "வாசல்லயே பலகை போட்டு எழுதி வச்சிருக்காங்க, மதினி."

ஒச்சம்மாளுக்கு மூச்சு வந்தது. "அப்புறம் என்ன அண்ணே? இத்தனை வருசம் தாடியோட குடித்தனம் பண்ணியாச்சு. மீசை என்ன செஞ்சுடப் போகுது?" என்றவள், சீப்பை எடுத்துக்கொண்டு கிடாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மருமக மறுவீட்டுக்கு வருவா, ராசா. இனி நீங்க ரெண்டு பேரும் ஒரே சீப்பை வச்சுக்கலாம்."